இரண்டு வரிகளுக்கு நடுவில் மூன்று புள்ளிகள்

பழைய அச்சுப் பிரதிகளைப் பார்த்துப் பாடுவது என்று நீங்கள் ஒரு குழுவாகச் சேர்ந்திருக்கிறீர்கள். போன மாதம் அபிராமபுரத்தில் என் வீட்டுக்கு வந்தபோது உங்களில் ஒருவர் கேட்டார்: "மேடம், புக்ல இருக்கிறத அப்படியே பாடணுமா, இல்ல நமக்கு எது சரின்னு படுதோ அப்படிப் பாடலாமா?" அன்றைக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. காபி ஆறுகிறது என்று பேச்சை மாற்றிவிட்டேன். அந்தப் பதில் எனக்கு ஒரு வாக்கியமாகக் கிடைக்கவில்லை, ஒரு கச்சேரியாகத்தான் கிடைத்தது. அதனால் கச்சேரியையே சொல்லிவிடுகிறேன்.

நான் இசைக் கல்லூரியில் வீணை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தக் கதையில் என்னைத் தவிர இரண்டு பேர்தான். ஒருவர் பாடகி. பெயரைச் சொன்னால் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கெல்லாம் தெரியும். ஆனால் தன்னைப் பற்றி யாராவது எழுதினாலே அவருக்குப் பிடிக்காது. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். இன்னொருவர் சேவியர். அவரை நீங்கள் மேடையில் பார்த்திருக்கலாம்.

அக்கா ஐந்தரைக் கட்டையில் பாடியவர். பெண்குரலில் அது எடுப்பான ஸ்ருதி. மேல் ஸ்தாயியில் அவர் நின்றால் கூட்டம் மூச்சை விட மறந்துவிடும். நடுவில் கழுத்தில் ஒரு கட்டி வந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. யார் மேலும் பிழை இல்லை, சிலருக்கு இப்படி ஆகுமாம். ஆனால் குரலின் மேல்பாதி போய்விட்டது. பேச்சு சரியாகத்தான் வந்தது. மேல் ஷட்ஜத்தைத் தொட்டால் மட்டும் வெறும் காற்று வரும்.

ஒருமுறை தெரிந்தவர்கள் வீட்டு விசேஷத்தில் பாடிப் பார்த்தார். அனுபல்லவியில் குரல் உடைந்தது. பாதியில் நிறுத்தி, கைகூப்பி, இறங்கி வந்துவிட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் அவரை வீட்டோடு உட்கார வைத்தது என்று நினைக்கிறேன். அதன் பிறகு வருஷக்கணக்காக ராஜா அண்ணாமலைபுரத்தில் அவர் ஃபிளாட்டில் தம்புரா உறைக்குள்ளேயே இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு நான் பொழுதுபோக்காகப் பழைய ஸ்வரக்குறிப்புப் புத்தகங்களை வாசிக்க ஆரம்பித்தேன். வாசிக்க வாசிக்க ஒன்று புரிந்தது. அவற்றில் பல பாட்டுகள் கீழேயே நடமாடுகின்றன. மேலே போனாலும் கொஞ்ச நேரம்தான், தொட்டுவிட்டு இறங்கிவிடும். நாம்தான் பின்னால் அவற்றில், ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதிகளை மேலே மேலே அடுக்கியிருக்கிறோம். இதைப் பார்த்ததும் எனக்கு அக்கா நினைவுதான் வந்தது. நாலைந்து பாட்டுகளைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன்.

"என்ன வசந்தி, என்னத்தைத் தூக்கிண்டு வந்திருக்கே?"

"பாட்டு, அக்கா."

"எனக்கெதுக்கு?"

"ஸ்ருதியை மூணு கட்டைக்கு இறக்கினா இதெல்லாம் உங்க குரலுக்குள்ளேயே அடங்குது. பாருங்களேன்."

அவர் தாள்களைத் தொடவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் கிளம்பி வாசலுக்கு வந்து செருப்பு மாட்டும்போதுதான் பேசினார்.

"ஒண்ணு சொல்லிடறேன். என்மேல பாவப்பட்டு எதையும் மாத்திடாதே. அதுல என்ன இருக்கோ அதைப் பாடறேன். முடியலேன்னா பாடலை. எனக்காக அதைக் குனிய வெக்காதே."

நான் சரி என்றேன். அப்போது அது சுலபமான வாக்காகத்தான் தெரிந்தது.

அடுத்து வாத்தியம். நான் கச்சேரிக்கு எடுத்துப் போவது மெல்லிய தந்தி போட்ட சின்ன வீணை, நாலரைக் கட்டைக்குப் பழகியது. அதை மூன்றுக்கு இறக்கினால் தந்தி தொளதொளவென்று தண்டியிலுள்ள உலோக மெட்டுகளில் அடித்து இரைந்தது. என்னிடம் இன்னொரு வீணை உண்டு. பெரிய குடம், கனம் அதிகம், தூக்கவே இரண்டு பேர் வேண்டும். அதில் தடித்த தந்தி போட்டு மூன்றுக்கு வைத்தேன். முதல் மீட்டலிலேயே அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பழைய பாட்டு என்றால் பழைய வாத்தியம் வேண்டும் என்று நீங்கள் கணக்குப் போடுவதைப் பார்க்கிறேன். நான் அந்த வீணையை எடுத்தது அதன் வயதுக்காக இல்லை. அக்காவின் குரலுக்குப் பக்கத்தில் மற்ற வீணை உட்காரவில்லை, இது உட்கார்ந்தது. அதே காரணத்துக்காகத்தான் சேவியர், வயலினைவிடக் கொஞ்சம் பெரிய, குரல் தாழ்ந்த வயோலாவைக் கொண்டுவந்தார். சேவியருக்குச் சாந்தோம் பக்கம். அப்பா, அம்மா இருவரும் பள்ளி ஆசிரியர்கள். தேவாலயப் பாடகர் குழுவில் மேல்நாட்டு நோட்டேஷன் படித்து வளர்ந்து, அப்புறம் முறையாகக் கர்நாடக சங்கீதம் கற்று, சினிமா ரெக்கார்டிங்கிலும் கச்சேரியிலும் வயலின் வாசித்தவர். மூன்று கட்டைக்கு இறக்கினால் வயலின் குரல் மங்கிப்போகிறது என்று அவரே சொல்லி, ரெக்கார்டிங்கில் வாசித்துவந்த வயோலாவை எடுத்துக்கொண்டு வந்தார்.

இதைக் கேட்டதும் மயிலாப்பூரில் எங்களுக்கு இடம் கொடுத்த சபாவின் செயலாளர் பதறிப்போய் போன் செய்தார்.

"என்னம்மா இது, பழைய சங்கீதம்னு நோட்டீஸ் போட்டிருக்கோம். வயோலான்னா ஜனங்க என்ன சொல்வாங்க?"

"கேட்டுட்டுச் சொல்லட்டும் சார்," என்றேன்.

ஒத்திகையில் இன்னொன்றும் நடந்தது. அந்தப் புத்தகங்களில் ஸ்வரத்தின் தலைக்கு மேல் நெளிகோடு போட்டிருந்தால் அந்த ஸ்வரத்தை அசைக்க வேண்டும் என்று அர்த்தம். எவ்வளவு அசைப்பது? அது எழுதியிருக்காது. எழுதியவருக்கு அது சொல்லத் தேவையில்லாத விஷயம். நான் என் சின்ன வீணையில் பழகியபடி நன்றாக இழுத்து அசைத்தே வாசித்து வந்தவள். பெரிய வீணையின் தடித்த தந்தி அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒருமுறை அழுத்தி விடலாம், அவ்வளவுதான். முதலில் எரிச்சலாக வந்தது. அக்காவுக்கும் இப்போது குரலை வேகமாக அசைக்க வராது, அவரும் ஒருமுறை அழுத்தி விட்டார். இரண்டும் சேர்ந்தபோது ராகம் வேறு முகம் காட்டியது. அந்தக் காலத்தில் இப்படித்தான் பாடினார்கள் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். கையில் இருக்கும் வாத்தியமும் குறியைப் படிக்க உதவும் என்று மட்டும் சொல்கிறேன். அந்த மாதங்களுக்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். அறுபது வயதுக்கு மேல் எனக்கு மறுபடி கற்றுக்கொள்ளக் கிடைத்தது.

இனி அந்தப் பாட்டு. எது என்று சொன்னால் உடனே போனில் தேடப் போய்விடுவீர்கள், அதனால் சொல்லவில்லை. அதன் அனுபல்லவிக்குப் பின்னால் ஒரு சிட்டைஸ்வரம் உண்டு. வார்த்தை இல்லாமல் ஸ்வரங்களை மட்டும் பாடுகிற பகுதி. வார்த்தை இல்லாததால் அச்சில் ஸ்வர வரிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக நெருங்கி நிற்கும். உங்களுக்குத் தெரிந்ததுதான்: ஸ்வரத்துக்கு மேலே புள்ளி வைத்தால் மேல் ஸ்தாயி, கீழே வைத்தால் கீழ் ஸ்தாயி. அந்தச் சிட்டைஸ்வரத்தில் முதல் வரியில் ப, த, நி. அதற்கு நேர் கீழே இரண்டாம் வரியில் க, ம, ப. இரண்டு வரிகளுக்கும் நடுவில் மூன்று புள்ளிகள்.

நாங்கள் அவற்றை முதல் வரியோடு சேர்த்துப் படித்தோம். அப்படிப் படித்தால் ப, த, நி கீழ் ஸ்தாயிக்குப் போகும், க, ம, ப நடுவிலேயே இருக்கும். இரண்டுமே அக்காவுக்கு எட்டும். எட்டும் என்ன, அந்தக் கீழ் ஸ்தாயியில் அவர் இறங்கிய விதம் இருக்கிறதே! முதல் நாள் அவர் அதைப் பாடியபோது சேவியர் வில்லைத் தூக்கி மடியில் வைத்துவிட்டார். உடைந்ததாக எல்லோரும் நினைத்த குரல், கிணற்றின் அடியிலிருந்து தண்ணீர் ஊறி வருவது மாதிரி வந்தது. "இதுக்காகத்தான் எனக்கு இப்படி ஆச்சோ என்னவோ" என்று அக்கா சிரித்தார். வருஷங்கள் கழித்து அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த இடம்தான் கச்சேரியின் உச்சம் என்று மூவருமே மனதில் முடிவு செய்துவிட்டோம். காது ஒப்புக்கொண்டதும் கண் பார்ப்பதை நிறுத்திவிட்டது.

கச்சேரிக்கு முந்தின நாள் மதியம் சேவியர் கூப்பிட்டார்.

"மேடம், கொஞ்சம் வீட்டுக்கு வர முடியுமா? போன்ல சொல்ற விஷயம் இல்ல."

லஸ் பக்கம் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்ததால் ஆட்டோ சுற்றிக்கொண்டு போனது. சேவியர் மற்ற கலைஞர்களுக்கும் நோட்ஸ் எழுதிக்கொடுப்பவர், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். மேடையில் அக்கா முன்னால் வைக்க அந்தப் பாட்டைப் பெரிதாக எழுதிக்கொண்டிருந்தார். அதற்காகப் பக்கத்தைக் கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கி வைத்திருந்தார்.

"இந்த மூணு புள்ளியப் பாருங்க."

"பார்த்துட்டுத்தானே இருக்கோம், என்ன?"

"புள்ளிய விடுங்க. ரெண்டாவது வரியில நெளிகோட்டப் பாருங்க. வரி பூரா எல்லா நெளிகோடும் ஸ்வரத்தத் தொட்டுக்கிட்டு நிக்குது. இந்த க, ம, ப மேல மட்டும் ஒரு மயிரிழை ஒசந்து நிக்குது. ஏன்?"

எனக்கு உடனே புரிந்தது. புரியாத மாதிரி நின்றேன்.

"புள்ளிக்கு எடம் விட்டிருக்காங்க மேடம். அச்சுக் கோத்தவங்க மொதல்ல புள்ளிய வெச்சு, அதுக்கு மேல நெளிகோட்ட வெச்சிருக்காங்க. நானும் நோட்ஸ் எழுதறவன், எனக்கு அது தெரியும். புள்ளி கீழ் வரிக்கு உள்ளது. க, ம, ப மேல் ஸ்தாயி."

மேல் ஸ்தாயி காந்தாரம், மத்யமம், பஞ்சமம். அக்காவால் மேல் ஷட்ஜத்தையே தொட முடியாது.

நான் அவரிடம் சண்டைக்குப் போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். அச்சில் எழுத்து நகராதா, ஸ்கேன் பிசகாதா, ஒரு மயிரிழையை வைத்து எப்படி முடிவு செய்வது என்றெல்லாம் கேட்டேன். சேவியர் மறுத்துப் பேசவில்லை. "நீங்க வீணையில வாசிச்சுப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். இருவரும் என் வீட்டுக்கு வந்தோம். பெரிய வீணையில் இரண்டு விதமாகவும் வாசித்தேன். எங்கள் பழைய வாசிப்பில் முதல் வரி நடுவில் தந்தி மாற வேண்டியிருந்தது. புத்தகத்தில் சரியாக அந்த இடத்தில் சறுக்கல் குறி இருந்தது, அதாவது விரலை எடுக்காமல் தந்தியின்மேல் இழுத்துக்கொண்டு போக வேண்டும். சறுக்க வேண்டிய இடத்தில் நான் இத்தனை நாளும் தாண்டிக்கொண்டிருந்தேன். சேவியர் சொன்னபடி வாசித்ததும் விரல் ஒரே தந்தியில் தடையில்லாமல் ஏறியது. முதல் வரி படி, இரண்டாம் வரி மாடி. இவ்வளவு தெளிவாக இருந்ததை எப்படிக் கவனிக்காமல் விட்டோம் என்று இருந்தது.

வீணையைக் கீழே வைத்துவிட்டு நான் சொன்னேன்: "நாளைக்குக் கச்சேரி. இப்ப போய்ச் சொன்னா அவர் வரமாட்டார், சேவியர். அன்னிக்கு மேடையிலிருந்து இறங்கினாரே, அது மறுபடி நடக்கும். இந்தத் தடவை நிரந்தரமா."

"தெரியும் மேடம்."

"பழைய மாதிரியே பாடினா யாருக்குத் தெரியப் போகுது?"

"யாருக்கும் தெரியாது. உங்களுக்கும் எனக்கும் தெரியும். நாள பின்ன பாடப்போற அம்மாவுக்கும் தெரிய வரும். அப்ப அவங்க நம்ம ரெண்டு பேரையும் எப்படிப் பார்ப்பாங்க?" பிறகு அவரே தொடர்ந்தார்: "முடிவு உங்களுது. வேண்டாம்னா நான் வாயத் தொறக்கமாட்டேன். ஆனா அந்த எடத்துல நான் வாசிக்கமாட்டேன். வயோலாவ மடியில வெச்சுக்கிட்டு சும்மா இருப்பேன். கோச்சுக்காதீங்க."

அவர்மேல் எனக்கு அப்போது வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இன்றைக்கு யோசித்தால், என் வாழ்க்கையில் சக கலைஞர் ஒருவர் எனக்குச் செய்த பெரிய உபகாரம் அதுதான். நம் காதுக்கு இனிப்பானதைச் சொல்ல ஆள் நிறைய உண்டு. கச்சேரிக்கு முந்தின நாள் கசப்பானதைச் சொல்லிவிட்டு, அதன் விளைவையும் நம்மோடு உட்கார்ந்து சுமக்கிற ஆள் உங்கள் குழுவில் ஒருவராவது இருக்க வேண்டும். இருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

சாயங்காலம் இருவருமாக அக்கா வீட்டுக்குப் போனோம். சேவியர் கீழேயே ஆட்களைப் பிடித்து வீணையை மேலே ஏற்றினார். அதைப் பார்த்ததுமே அக்காவுக்கு ஏதோ தட்டியிருக்க வேண்டும்.

"நாளைக்குக் கச்சேரியை வெச்சுண்டு இன்னிக்கு எதுக்கு வீணையைத் தூக்கிண்டு வந்தேள்?"

நான் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. புள்ளி, நெளிகோடு, சறுக்கல் குறி எல்லாவற்றையும் தாளில் தொட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு, "ரெண்டையும் வாசி" என்றார்.

முதலில் நாங்கள் பழகியதை வாசித்தேன், அப்புறம் மற்றதை. மேல் பஞ்சமத்தைத் தொட்டு இறங்கும்போது அக்காவின் வலதுகை தானாகவே மேலே எழுந்து காற்றில் நின்றதைப் பார்த்தேன். பாடுகிற காலத்தில் மேல் ஸ்தாயியில் நிற்கும்போது அவர் அப்படித்தான் கையை வைத்துக்கொள்வார். கை எழுந்தது அவருக்கே தெரியவில்லை.

"இதான்," என்றார். "மேலேதான் போறது. சந்தேகமே இல்லை."

எழுந்து சமையலறைக்குப் போனார். குழாய் ஓடும் சத்தம் கேட்டது. வெகுநேரம் ஓடியது. சேவியர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போகலாமா, வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தேன். குழாய் நின்றது. மூன்று டம்ளர் காபியோடு வந்தார். முகம் கழுவியிருந்தார்.

"அந்தப் பாட்டையே எடுத்துடலாம் அக்கா," என்றேன். "இல்லேன்னா சிட்டைஸ்வரத்தை மட்டும் விட்டுடலாம். பல பேர் விட்டுட்டுத்தான் பாடறாங்க."

"நன்னா இருக்கே. இவ்வளவு அழகா ஒருத்தர் கட்டி வெச்சிருக்கார். எனக்கு வரலேன்னு அதை ஜனங்களுக்கும் இல்லாம பண்றதா?" காபியை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "அந்த வரியை நீ வாசி. நான் தாளம் போடறேன்."

"நீங்க பாடாம இருந்தா..."

"பாடாம இருந்தா என்ன? வாயை மூடிண்டு இருந்தவளைப் பார்த்து யாரும் சிரிக்கமாட்டா. வாயைத் திறந்து வராதபோதுதான் கஷ்டம்." பிறகு என்னைப் பார்த்து, "சொல்லாம விட்டிருந்தேன்னா உன்னோட நான் பேசியிருக்கமாட்டேன் வசந்தி," என்றார். சேவியரைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் டம்ளரில்தான் முதலில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினார்.

மறுநாள் ஹாலுக்குப் போனதும் அடுத்த பிரச்சினை காத்திருந்தது. மைக் போடுகிறவர் என் வீணையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா மேடம், காண்டாக்ட் மைக் இல்லாம கீது? கடைசி வரிசைக்கு ஒண்ணியும் கேக்காது. நம்ம கைல ஒண்ணு கீது, ஒட்டிடவா?"

தந்தியின் அதிர்வை நேராக எடுத்துப் பெருக்குகிற மைக் அது. அன்றைக்கு எந்தப் பாட்டிலும் அது வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். பெரிய வீணையின் கீழ்த்தந்தி அதில் முழங்கினால் அக்காவின் கீழ்க்குரல் காணாமல் போய்விடும். ஆனால் இப்போது நிலைமை வேறு. ஒரு வரி முழுக்க வீணையை நம்பி நிற்கப் போகிறது. அது கேட்காவிட்டால் அக்கா மேடையில் வெறுமனே உட்கார்ந்திருப்பது மட்டும்தான் ஜனங்களுக்குத் தெரியும். ஒட்டச் சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. ஹாலில் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரு வரிக்காக மற்ற எல்லா வரிகளிலும் அவர் குரலை அழிக்க முடியாது என்று எனக்குப் பட்டது.

"ஒட்ட வேண்டாம்," என்றேன். "என்னை ஏத்தறதுக்குப் பதிலா மத்த எல்லாத்தையும் இறக்குங்க. மிருதங்கம், வயோலா, எல்லாம். மொத்தமா ஹாலே கொஞ்சம் சின்னதா கேக்கட்டும்."

"கத்துவாங்க மேடம், சவுண்ட் பத்தலன்னு."

"மொத பாட்டுல கத்துவாங்க. அப்புறம் காதைத் தீட்டிக்குவாங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். ஆனால் சொன்னபடி செய்தார். அவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்.

முதல் பாட்டின்போது பின்வரிசையிலிருந்து உண்மையாகவே "சவுண்ட்! சவுண்ட்!" என்று குரல் வந்தது. அக்கா பாட்டை நிறுத்தவில்லை. இரண்டாவது பாட்டில் அந்தக் குரல் வரவில்லை. மூன்றாவது பாட்டில் மின்விசிறியின் சத்தம் கூடக் கேட்டது, அவ்வளவு அமைதி. தெரிந்த முகங்கள் முன்வரிசையில் கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தன. குரல் எங்கே உடையுமோ என்று காத்திருக்கிறார்களா, கேட்கிறார்களா என்று எனக்குப் புரியவில்லை.

அந்தப் பாட்டுக்கு முன்னால் அக்கா மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். இது நாங்கள் பேசி வைத்தது இல்லை.

"இதுல சிட்டைஸ்வரத்துல ஒரு வரி மேலே போறது," என்றார். "என் தொண்டை இப்போ அங்கே போறதில்லை. வசந்தி வாசிப்பா. கேளுங்கோ."

அவ்வளவுதான். தம்புரா மீட்டுகிறவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார். பத்து வருஷத்துக்கு மேலாக ஊர் மறைவாகப் பேசிக்கொண்டிருந்ததை இரண்டு வாக்கியத்தில் மேடையிலேயே சொல்லி முடித்துவிட்டார்.

அனுபல்லவி முடிந்து சிட்டைஸ்வரம். முதல் வரியை அவரும் நானும் சேவியரும் சேர்ந்து எடுத்தோம். ப, த, நி என்று நடுஸ்தாயியில் ஏறினோம். வரியின் முடிவில் அக்கா நிறுத்தினார். குரல் தேய்ந்து நிற்கவில்லை. கதவை மெதுவாகச் சாத்துகிற மாதிரி அவரே நிறுத்தினார். சேவியரும் வில்லை எடுத்துவிட்டார். மிருதங்கக்காரர் கையைத் தோல்மேல் வைத்தபடி நிறுத்திக்கொண்டார். ஹாலில் என் வீணை மட்டும்.

தடித்த தந்தியில் மேல் ஸ்தாயி சுலபமில்லை. நெளிகோடு போட்ட ஒவ்வொரு ஸ்வரத்திலும் ஒரே ஒரு அழுத்தல், அதற்கு மேல் அலங்காரம் செய்ய எனக்குத் தைரியமும் இல்லை, விருப்பமும் இல்லை. கா... மா... பஞ்சமத்தைத் தொட்டபோது அக்காவைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு தாளம் போட்டுக்கொண்டிருந்தார். தாளம் போடாத கை மேலே எழுந்து காற்றில் நின்றிருந்தது. முந்தின நாள் அது தானாக எழுந்தது. இன்றைக்கு அவர் தெரிந்தே வைத்திருந்தார். வீணை இறங்கி வந்த இடத்தில் அவர் குரல் வந்து என்னோடு சேர்ந்துகொண்டது, நடுவில் விட்டதே இல்லை என்பது போல.

யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். அக்கா விரலைத் தூக்கி வேண்டாம் என்று காட்டினார், பாட்டு இன்னும் முடியவில்லை. சரணத்தில் பாட்டே அவரைக் கீழ் ஸ்தாயிக்கு அழைத்துப் போனது, புத்தகத்தில் எந்தச் சந்தேகமும் இல்லாத கீழ் ஸ்தாயி. அங்கே அவர் பாடியதை நான் விவரிக்கப் போவதில்லை. முன்வரிசையில் ஒரு வயதான வித்வான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார் என்பது வரைக்கும்தான் சொல்லத் தெரியும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது ஒரு வேலை. உங்களால் என்ன முடியும் என்று பார்ப்பது இன்னொரு வேலை. முதல் வேலையைச் செய்யும்போது இரண்டாவதை உள்ளே விடாதீர்கள். முதலாவது முடிந்த பிறகு எந்த வாத்தியத்தை எடுப்பது, எதைப் பாடுவது, எதைப் பாடாமல் இருப்பது என்று தாராளமாக முடிவு செய்யுங்கள். நான் அந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள இருந்தேன். குழப்ப விடாமல் இரண்டு பேர் தடுத்தார்கள்.

கச்சேரி முடிந்து காரில் அக்காவை வீட்டில் விடப் போனேன். கார் ராஜா அண்ணாமலைபுரத்துக்குள் நுழைந்தது. அக்கா என் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தெருவிளக்கு வெளிச்சம் வந்து வந்து போனது. விரல் நுனிகளில் தந்தி வெட்டிய கோடுகள் சிவந்து கன்றிப் போயிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"வலிக்கறதா?"

"இல்லை அக்கா."

"எனக்கும் இல்லை," என்றார். கொஞ்சம் பொறுத்து, "இன்னிக்கு இல்லை," என்றார். வீடு வரும் வரை கையை விடவில்லை.